இல்முடைய மஜ்லிஸில் லேப்டாப்

இல்முடைய மஜ்லிஸ்களில் இப்பொழுது ஒரு புதிய சத்தம் கேட்கிறது. தகரக் கூரையில் மழையின் முதல் துளிகள் விழுவது போன்று இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி, பேசுகிறவர் ஓர் ஆயத்தை ஓதி விளக்கம் சொல்லப் புகுந்ததும் சடசடவென்று பெருகுகிறது. மார்க்கக் கருத்தரங்குகளிலும், உலமாக்களின் மாநாடுகளிலும், ஜகாத், வாரிசுரிமை போன்ற சட்டங்களுக்கென நடத்தப்படும் பயிலரங்குகளிலும் கலந்து கொள்வோரில் பலர் இன்று மடியில் லேப்டாப்பை விரித்து வைத்துக் குறிப்பெடுக்கிறார்கள். நாமும் அவர்களில் ஒருவர்தாம். ஆகவே பிறரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. நம் கையால் நிகழ்ந்த ஒரு பிழை நமது நெஞ்சை இன்னும் உறுத்திக் கொண்டிருக்கிறது. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஜகாத் பற்றிய ஒருநாள் பயிலரங்கு நடந்தது. பாடம் நடத்தியவர்கள் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆலிம் பெருந்தகை. பெண்களின் நகைக்குரிய சட்டத்திற்கு வந்தார்கள். ஆகுமான நகையை வீண் விரயமில்லாத அளவில் அணிவதற்கென்று ஒரு பெண் வைத்திருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு ஜகாத் இல்லை என்றார்கள். ஹனஃபி மத்ஹபிலோ, தங்கமும் வெள்ளியும் அணியும் நகையாகவே இருந்தாலும் நிஸாபை எட்டி வருடமும் பூர்த்தியானால் ஜகாத் கடமை என்பதை ஆதாரங்களோடு எடுத்துரைத்தார்கள். நம் தமிழகத்தில் கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈகளும், உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபிகளும் வாழ்கிறார்கள். ஓர் ஊரில் பெண் எடுத்து மறு ஊரில் கொடுக்கிறார்கள். ஆகவேதான் ஹஜ்ரத் அவர்கள் இரண்டையும் நிதானமாக விளக்கினார்கள்.

நாம் விரைந்து தட்டிக் கொண்டிருந்தோம். மத்ஹபின் பெயரைப் பிறகு சேர்த்துக் கொள்ளலாமென்று எண்ணி, சட்டத்தை மட்டும் ஒரு வரியில் அடித்தோம். அந்நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. மறுநாள் நிக்காஹ் எத்தனை மணிக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதினோம். அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். அதற்கும் பதில் எழுதினோம். தலையை நிமிர்த்தியபோது ஹஜ்ரத் அவர்கள் வியாபாரச் சரக்கின் ஜகாத்திற்குப் போயிருந்தார்கள். அன்றிரவே குறிப்புகளை அழகாக அடுக்கி வாட்ஸ்அப் குழுவொன்றில் அனுப்பிவிட்டோம். ‘மாஷா அல்லாஹ்’, ‘ஜஸாகல்லாஹ்’ என்று பதில்கள் குவிந்தன. உள்ளத்தில் ஒரு பூரிப்பு ஏற்பட்டதை மறைப்பானேன்? அக்குறிப்பில் “அணியும் நகைக்கு ஜகாத் இல்லை” என்றொரு வரி இருந்தது. எந்த மத்ஹபில் என்பது இல்லை. ஹனஃபி சட்டம் அறவே இல்லை.

இரண்டு வருடங்கள் கழித்து ஒரு ரமளானில் உள்நாட்டு ஊரொன்றிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார்கள். “ஹஜ்ரத், நீங்க அனுப்புன குறிப்பப் பாத்துட்டுத்தான் ரெண்டு வருஷமா நகைக்கு ஜகாத் கொடுக்கல. இப்ப எங்க பள்ளி இமாமு நமக்குக் கடமைதாங்குறாரு. எது சரிங்க ஹஜ்ரத்?” என்றார்கள். அவர்கள் ஹனஃபி. நிஸாபாகிய ஏறத்தாழ 11 பவுனைப் போல் மும்மடங்கு நகை அவர்களிடம் இருந்தது. அந்த ஜகாத்தை ஒவ்வொரு வருடமும் தம் உறவில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் அப்பெண் தன் மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டி வந்திருக்கிறாள். “எனக்குக் கடமை இல்லையாம்மான்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல ஹஜ்ரத். காதுல கிடந்த தோட்டை அடகு வச்சுட்டா” என்றார்கள். நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! எழுதி வைப்பது குற்றமன்று. அது நம் மார்க்கத்தில் ஆதியிலிருந்தே உள்ள பழக்கம். மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் நிகழ்த்திய உரையைக் கேட்ட யமன் நாட்டவரான அபூஷாஹ் என்பவர், அதனைத் தமக்கு எழுதித் தரும்படி வேண்டினார். அவருக்கு எழுதிக் கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டவற்றை எழுதி வைத்த ஏடு ‘அஸ்ஸாதிகா’ என்ற பெயரால் அறியப்பட்டது. தம்மைவிட அதிகமாக ஹதீஸ்களை அறிந்தவர் அவர் ஒருவரே, ஏனெனில் அவர் எழுதுவார், தாம் எழுதுவதில்லை என்று அபூஹுரைரா (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். அன்று தோலிலும், பேரீச்ச மட்டையிலும், தட்டையான கல்லிலும் எழுதினார்கள். பின்னர் காகிதம் வந்தது. இன்று கணினி வந்திருக்கிறது. ஆகவே லேப்டாப்பைக் கண்டாலே முகம் சுளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கை நடுக்கத்தால் பேனா பிடிக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். பார்வை மங்கி, எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். கருவி எதுவென்பதல்ல கேள்வி, அதனைக் கொண்டு மஜ்லிஸில் அமருகிற அதபு என்ன என்பதுதான்.

முதலாவது, சத்தம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஓதிய காலத்தில், உஸ்தாதின் மீதிருந்த கண்ணியத்தால், ஏடு புரளும் ஓசை அன்னாரின் காதில் விழுந்துவிடக் கூடாதென்று தாளை மிக மெதுவாகப் புரட்டுவார்களாம். காகிதத்தின் ஓசைக்கே இந்தப் பேணுதல்! நாமோ தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களால் ஓங்கி ஓங்கித் தட்டுகிறோம். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை நம்மிடம், “தம்பி, காதுல மிஷின் வச்சிருக்கேன். நீங்க தட்டுறது எனக்கு ஹஜ்ரத் பேச்சவிடப் பெருசாக் கேக்குது” என்று மிகவும் தயங்கிச் சொன்னார். செவித்துணைக் கருவி பக்கத்திலுள்ள சத்தத்தையும் சேர்த்தே பெருக்குமென்பது அன்றுதான் நமது புத்தியில் உறைத்தது. அவர் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கணினியின் ஒலியை முற்றிலும் அடக்கி வைப்பதும், விரல் நுனியால் மெல்ல அழுத்துவதும், பெரியவர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதிருப்பதும் நம் மீதுள்ள ஹக்குகள்.

அடுத்தது, அமரும் இடம். லேப்டாப் வைத்திருப்பவருக்கு முன் வரிசையில் அமர ஆசை. ஆனால் அவருக்குப் பின்னாலிருப்பவரின் கண் பேசுகிறவரின் முகத்தில் நில்லாமல் அந்த ஒளிரும் திரைக்கே போகிறது. 2013 ஆம் ஆண்டில் கனடா நாட்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலையும் சேர்த்துச் செய்த மாணவர்கள் பாடத்தில் பின்தங்கியது மட்டுமல்ல, அத்திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்த, தாம் ஒன்றுமே செய்யாத மாணவர்களும் பின்தங்கினார்கள் என்று அதில் கண்டார்கள். நம் கவனக் குறைவினால் நமக்கு நஷ்டமென்றால் அது நம் பாடு. இல்மைத் தேடி வந்த அடுத்தவரின் பங்கை நாம் தின்றுவிடுவது வேறு விஷயம். ஆகவே ஓரத்திலோ, கடைசி வரிசையிலோ, சுவரை ஒட்டியோ அமர்ந்து, திரையின் ஒளியையும் குறைத்துக் கொள்ள வேண்டும். கடைசியில் உட்கார்ந்தால் நன்மை குறையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களின் மஜ்லிஸுக்கு மூவர் வந்த செய்தி நாமறிந்ததே. இடைவெளியைக் கண்டு புகுந்து அமர்ந்தவரோடு, வெட்கப்பட்டுப் பின்னால் அமர்ந்தவரையும் நபியவர்கள் நல்லவிதமாகவே குறிப்பிட்டார்கள். திரும்பிப் போனவரைப் பற்றித்தான் வேறு விதமாகச் சொன்னார்கள்.

மின்சார வயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நடைபாதையின் குறுக்கே இழுத்து, வயதானவர் கால் தடுக்கி விழும்படி வைப்பது கூடாது. பள்ளிவாசலாக இருந்தால் அங்குள்ள மின்சாரம் வக்ஃபுடையது. பள்ளி விளக்கின் வெளிச்சத்தில் கிதாபு ஓதலாமா, எந்த நேரம் வரை ஓதலாம் என்றெல்லாம் நம் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் விவாதித்திருக்கின்றன. விளக்கெண்ணெய்க்கு இருந்த கணக்கு மின்சாரத்திற்கு இல்லாமற் போகாது. முத்தவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வதில் என்ன குறைந்துவிடும்? வீட்டிலேயே மின்னேற்றிக் கொண்டு வருவது இன்னும் மேல்.

இனி, விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். கேட்டுக் கொண்டே எழுதுகிறவர் உண்மையில் கேட்கிறாரா? இக்கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் இதற்கென்றே ஒரு மஸ்அலா வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மஜ்லிஸில் ஹதீஸ் வாசிக்கப்படும்போது எழுதிக் கொண்டிருந்தவரின் கேள்வி செல்லுமா, செல்லாதா? இப்ராஹீம் அல்ஹர்பீ (ரஹ்) போன்றோர் செல்லாதென்றார்கள். மூஸா இப்னு ஹாரூன் (ரஹ்) போன்றோர் செல்லுமென்றார்கள். ஹிஜ்ரி 643 இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இரண்டிற்கும் நடுவே ஒரு முடிவு கூறினார்கள்: எழுதினாலும், வாசிக்கப்படுவதை அவர் விளங்கிக் கொண்டிருந்தால் செல்லும், வெறும் ஓசையாக மட்டும் காதில் விழுந்திருந்தால் செல்லாது.

இதற்கு அவர்கள் எடுத்துக் காட்டும் சம்பவம் சுவையானது. இமாம் தாரகுத்னீ (ரஹ்) அவர்கள் வாலிபப் பருவத்தில் இஸ்மாயீல் அஸ்ஸஃப்பார் என்ற பெரியாரின் மஜ்லிஸில் அமர்ந்திருந்தார்கள். அவர் ஹதீஸ்களைச் சொல்லச் சொல்ல, தாரகுத்னீ அவர்களோ தம்மிடமிருந்த வேறோர் ஏட்டைப் பிரதியெடுத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. நீர் எழுதிக் கொண்டிருப்பதால் உம்முடைய கேள்வி செல்லாது என்றார். நான் விளங்குவது நீர் விளங்குவதைப் போன்றதல்ல என்று பதில் வந்தது. இதுவரை எத்தனை ஹதீஸ் சொல்லப்பட்டது என்பது உமக்கு ஞாபகமிருக்கிறதா என்று தாரகுத்னீ அவர்கள் கேட்க, அவர் இல்லையென்றார். பதினெட்டு என்று கூறிவிட்டு, ஒவ்வொன்றையும் அதன் அறிவிப்பாளர் வரிசையோடும் வாசகத்தோடும், சொல்லப்பட்ட அதே ஒழுங்கில் ஒப்புவித்தார்களாம். மஜ்லிஸ் வியந்து போயிற்று.

இச்சம்பவத்தைச் சொல்லி, “நாங்களும் தாரகுத்னீயைப் போல இரண்டையும் கவனிப்போம்” என்று வாதாடுகிற இளம் ஆலிம்களை நாம் பார்த்திருக்கிறோம். நாமே அப்படி வாதாடியிருக்கிறோம். பதினெட்டு வேண்டாம், ஹஜ்ரத் அவர்கள் சொன்ன இரண்டு மத்ஹபுகளில் ஒன்றைக்கூட முழுமையாக ஒப்புவிக்க நம்மால் முடியவில்லையே!

2014 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, லேப்டாப்பில் எழுதும் மாணவர்கள் பேசுகிறவரின் சொற்களை அப்படியே பிடித்து எழுதிவிடுகிறார்கள், கையால் எழுதுகிறவர்களோ வேகம் போதாமையால் விஷயத்தை மென்று சுருக்கி எழுதுகிறார்கள், ஆகவே கருத்தை விளங்குவதில் பின்னவர்களே மேல் என்றது. அதே சோதனையை வேறு சிலர் திரும்பச் செய்து 2021 இல் வெளியிட்டபோது, விளக்கத்தில் அத்தகைய வேறுபாடு திட்டமாகத் தென்படவில்லை. சொற்களை அப்படியே எழுதும் பழக்கம் மட்டும் மறுபடியும் காணப்பட்டது. ஆகவே ‘பேனாவே சிறந்தது’ என்று ஆய்வின் பெயரால் நாம் சத்தியம் செய்ய மாட்டோம். நமது அனுபவத்தைச் சொல்லலாம். மத்ரஸாவில் உஸ்தாத் சொல்லும் விளக்கத்தைக் கிதாபின் ஓரத்தில் எழுதுவோம். ஓரம் குறுகலானது. நான்கு சொல்லுக்கு மேல் இடமில்லை. எந்த நான்கு சொல் என்று தேர்ந்தெடுக்கும் முன் விஷயத்தை விளங்கியாக வேண்டும். கணினியின் பக்கத்திற்கு ஓரமே கிடையாது. எனவே, ஒரு மஸ்அலாவைச் சொல்லி முடிக்கும் வரை விரலை எடுத்து வைத்துக் காதால் கேட்டு, அவர்கள் மூச்சு விடும் இடத்தில் சுருக்கமாக அடிப்பதை நாம் இப்போது பழகியிருக்கிறோம். சட்டத்தை எழுதும்போது முதலில் மத்ஹபின் பெயரை எழுதுகிறோம்.

இணையத் தொடர்பை மஜ்லிஸுக்குள் நுழையும்போதே துண்டித்துவிட வேண்டும். இதில் சமாதானமே வேண்டாம். ஸ்பெயினிலிருந்து கல்வி தேடி மதீனா வந்த யஹ்யா இப்னு யஹ்யா (ரஹ்) அவர்கள் இமாம் மாலிக் அவர்களின் மஜ்லிஸில் இருந்தபோது, ஊருக்குள் யானை வந்திருக்கிறதென்று யாரோ சொல்ல, எல்லா மாணவர்களும் வேடிக்கை பார்க்க எழுந்து ஓடினார்கள். அவர்கள் மட்டும் அசையவில்லை. உங்கள் ஊரில் யானை இல்லையே, நீர் ஏன் போகவில்லை என்று இமாமவர்கள் வினவியதற்கு, தாம் யானையைப் பார்க்க வரவில்லை, தங்களைப் பார்த்துக் கற்கவே வந்ததாகக் கூறினார்கள். மகிழ்ந்த இமாமவர்கள் ஸ்பெயினின் அறிவாளி என்று அவர்களுக்குப் பட்டம் சூட்டினார்கள். அன்று யானை எப்போதோ ஒருமுறைதான் வந்தது. நம் மடியில் நிமிடத்திற்கு ஒரு யானை வருகிறது.

ஜும்ஆ குத்பாவைத் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சில இளைஞர்கள் குத்பாவின்போது ஃபோனில் குறிப்பெடுக்கிறார்கள். நல்ல நிய்யத்துத்தான். ஆனால் குத்பா நடக்கும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்து ‘சும்மா இரும்’ என்று சொல்வதையும், தரையிலுள்ள பொடிக்கற்களைத் தொட்டு அளைவதையும்கூட வீணான செயலென்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். கல்லைத் தொடுவதே வீணென்றால் விசைப்பலகையைத் தட்டுவது எங்கே நிற்கும்? குத்பாவில் எழுதவே கூடாது, காதால் மட்டுமே கேட்க வேண்டும். குத்பாவுக்கு முன் தமிழில் நடக்கும் பயானில் எழுதிக் கொள்ளலாம். மாநாட்டின் நடுவே பாங்கு ஒலித்தாலும் விரலை நிறுத்திப் பாங்குக்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு தொடரலாம்.

குர்ஆன் ஆயத்துகளை அவசரத்தில் ஞாபகத்திலிருந்து தட்டச்சு செய்வதும் ஆபத்து. ஓர் எழுத்து மாறினால் பொருளே புரண்டுவிடும். அத்தியாயத்தின் எண்ணையும் வசனத்தின் எண்ணையும் மட்டும் குறித்துக் கொண்டு, வீட்டில் முஸ்ஹஃபைப் பார்த்துச் சேர்ப்பதே பேணுதல். நபியவர்களின் பெயரோடு ஸலவாத்தைச் சுருக்கி எழுதுவதை ஹதீஸ் கலை அறிஞர்கள் வெறுத்திருக்கிறார்கள். (நம் பத்திரிகைகளில் இடமின்மை காரணமாக அடைப்புக்குள் சுருக்கிப் போடுகிறோம். படிப்பவர்கள் முழுமையாக ஓதிக் கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான்.) கணினியிலோ இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு ஸலவாத்தும் தானே வந்துவிடும்படி செய்து கொள்ள முடிகிறது. நல்ல வசதி. ஆனால் அது திரையில் வருகிறது, நாவில் வருவதில்லை. நாவையும் சேர்த்து அசைக்க வேண்டும்.

லேப்டாப்பில் கேமராவும் ஒலிப்பதிவும் சேர்ந்தே இருப்பதால் மற்றொரு கடமையும் நம் மீது வந்து சேருகிறது. சபையில் பேசப்படுவது அமானிதம். ஒருவர் பேசிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாரானால் அப்பேச்சே அமானிதமாகிவிடும் என்பது நபிமொழியின் கருத்து. கேள்வி நேரத்தில் எழுந்து தன் தலாக் பிரச்சினையையோ பாகப் பிரிவினைத் தகராறையோ கேட்பவரின் பெயரையும் ஊரையும் குறிப்பில் எழுதக் கூடாது. பெண்கள் பகுதியிலிருந்து துண்டுச் சீட்டில் வரும் கேள்விகளுக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டிலிருந்து நேரலையில் பயான் கேட்டுக் குறிப்பெடுக்கும் தாய்மார்களும் இதே பேணுதலைக் கைக்கொள்ள வேண்டும். பதிவு செய்வதாயிருந்தால் முன்கூட்டியே பேசுகிறவரிடம் அனுமதி பெறுவதே முறை.

எழுதியாயிற்று, கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து விடுவதும் ஒரு சோதனைதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களின் பையைப் பறித்தனர். அதில் என் குறிப்புகள் இருக்கின்றன, அவற்றை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். பையை எடுத்தவுடன் உம் அறிவும் போய்விட்டதென்றால் நீர் என்னதான் கற்றீர் என்று கொள்ளையர் தலைவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஊர் சேர்ந்த இமாமவர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து அக்குறிப்புகள் முழுவதையும் மனப்பாடம் செய்தார்கள். நமது கணினியில் எத்தனை மஜ்லிஸ்களின் குறிப்புகள் திறந்து பார்க்கப்படாமல் உறங்குகின்றனவோ!

கடைசியாக, நாம் செய்யத் தவறிய காரியம். உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம் எழுதிவிட்டாயா என்று கேட்டார்கள். ஆம் என்றார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் நீ எழுதவே இல்லை என்றார்கள். முற்காலத்தில் இதற்கு முகாபலா என்று பெயர். பிரதியைச் சரிபார்க்காமல் அதிலிருந்து அறிவிக்கத் துணிய மாட்டார்கள். நாமோ பயிலரங்கு முடிந்து மூன்று மணி நேரத்திற்குள், ஹஜ்ரத் அவர்களிடம் காட்டாமலேயே, ஊரெல்லாம் அனுப்பினோம். காட்டியிருந்தால் ஒரு நொடியில் திருத்தியிருப்பார்கள்.

அந்தத் தாய் இரண்டு வருட ஜகாத்தையும் கணக்கிட்டு, அந்தப் பெண்ணிடமே கொண்டு போய்க் கொடுத்தார்கள். விடுபட்ட ஜகாத் கடனாகவே நிற்கும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். தோடு மீட்கப்பட்டது. அடகுக்கு அவள் கட்டியிருந்த வட்டியை என்ன செய்வதென்று நம்மிடம் கேட்டார்கள். அது நமது பிழையால் வந்ததென்று சொல்லி நாம் ஏற்றுக் கொண்டோம்.

அன்றிரவே அதே குழுவில் திருத்தத்தை எழுதி அனுப்பினோம். பழைய குறிப்பை எத்தனை பேர் வேறு எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. திருத்தத்திற்கு நான்கு பேர் பதில் போட்டார்கள். சென்ற ரமளானிலும் ஒருவர் அந்தப் பழைய குறிப்பை நமக்கே அனுப்பி, இது சரியா ஹஜ்ரத் என்று கேட்டார். இதைப் படிக்கும் ஹனஃபி வீடுகளில் யாரிடமேனும் “அணியும் நகைக்கு ஜகாத் இல்லை” என்று தொடங்கும் அக்குறிப்பு இருந்தால், அதை அழித்துவிட்டு, தங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டு நடந்து கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம்.